கடைசித் தோட்டாவின் மேல் ஏற்றப்படும் பழி

குளிர்கால ஒலிம்பிக்கில் ஆடவர் பயத்லான் தொடர் பந்தயம் முடிந்த மறுநாள் வருகிற செய்திகளை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான் வெவ்வேறு பெயர்களோடு திரும்பத் திரும்ப வரும். நான்கு பேர் ஓடிய பந்தயத்தில் நான்காம் ஆள் கடைசிச் சுடலில் தவறினார், அவரால் தங்கமோ பதக்கமோ போயிற்று என்பதே அந்த வாக்கியம். 2014-இல் சோச்சியில் நார்வேயின் எமில் ஹெக்லே ஸ்வென்ட்சனைப் பற்றி இப்படிச் சொன்னார்கள். 2018-இல் பியோங்சாங்கிலும் அவரைப் பற்றியே சொன்னார்கள். 2022-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ரஷ்ய வீரர் எதுவார்த் லத்திபோவைப் பற்றிச் சொன்னார்கள். இந்த வாக்கியம் தவறானது, நியாயமற்றதும்கூட என்பதே இன்று என் வாதம். கடைசி ஆள் தவறவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தவறினார். ஆனால் ஓர் ஆளின் தவறு வேறு, நான்கு பேரின் தோல்வி வேறு. ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வைக்கிற பழக்கம் நமக்கு எப்படி வந்தது, பந்தயத்தின் விதிகளும் கணக்கும் அதற்கு இடம் கொடுக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இந்த விளையாட்டை அதிகம் பார்த்திராதவர்களுக்காக அதன் நடைமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன். வாதம் முழுவதும் அந்த நடைமுறையில்தான் இருக்கிறது. முதுகில் துப்பாக்கியைச் சுமந்துகொண்டு பனிச்சறுக்கில் ஓடுவதும், இடையிடையே நின்று சுடுவதும் சேர்ந்ததே பயத்லான். ஆடவர் தொடர் பந்தயத்தில் ஓர் அணிக்கு நான்கு பேர், ஆளுக்கு 7.5 கிலோமீட்டர். அந்தத் தூரம் இரண்டரைக் கிலோமீட்டர் கொண்ட மூன்று சுற்றுகள். முதல் சுற்று முடிந்ததும் படுத்த நிலையில் சுட வேண்டும், இரண்டாம் சுற்று முடிந்ததும் நின்ற நிலையில் சுட வேண்டும், மூன்றாம் சுற்றை முடித்து அடுத்தவரைத் தொட்டு அனுப்ப வேண்டும். இலக்குகள் ஐம்பது மீட்டர் தொலைவில் ஐந்து. படுத்துச் சுடும்போது இலக்கின் விட்டம் 45 மில்லிமீட்டர், நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர். துப்பாக்கியின் எடை மூன்றரைக் கிலோவுக்குக் குறையக் கூடாது. மலைச்சரிவில் முழு வேகத்தில் ஏறி இறங்கி, இதயம் நிமிடத்துக்கு நூற்றெழுபது முறைக்கு மேல் அடித்துக்கொண்டிருக்கிற நிலையில், அந்தத் துப்பாக்கியை அசையாமல் பிடிக்க வேண்டும். படுத்த நிலையில் மேற்கையில் மாட்டிய வார் துப்பாக்கியைத் தாங்கிக்கொள்ளும். நின்ற நிலையில் அந்தத் தாங்கலும் இல்லை. கால், இடுப்பு, மூச்சு ஆகியவைதான் தாங்கல்.

தொடர் பந்தயத்துக்கு மட்டும் ஒரு தனி விதி உண்டு. ஒவ்வொரு சுடலிலும் மேகசினில் ஐந்து தோட்டாக்கள் இருக்கும். அவற்றில் ஏதேனும் தவறினால் மூன்று உபரித் தோட்டாக்களைப் பயன்படுத்தலாம். ஆனால் அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துப் போட வேண்டும். எட்டுத் தோட்டாவும் தீர்ந்த பிறகும் விழாமல் நிற்கிற ஒவ்வோர் இலக்குக்கும் 150 மீட்டர் தண்டனைச் சுற்று ஒன்று ஓட வேண்டும். ஓர் அணியின் மொத்தக் கணக்கில் நாற்பது இலக்குகள், இருபத்து நான்கு உபரித் தோட்டாக்கள். எட்டுச் சுடல்களும் இந்த இரண்டு எண்களுக்குள்தான் நடக்கின்றன.

கடைசி ஆளைக் குற்றம் சொல்கிற வாக்கியம் எந்த எண்ணைப் பார்க்காமல் விடுகிறது என்பது இங்கே தெளிவாகும். பனியில் விரல் விறைத்திருக்கும் நேரத்தில் ஓர் உபரித் தோட்டாவை எடுத்து, குழலில் நுழைத்து, மீண்டும் குறிபார்த்துச் சுட ஏறத்தாழ ஏழெட்டு நொடி ஆகும். தண்டனைச் சுற்று ஒன்றுக்கு இருபத்திரண்டு முதல் இருபத்தைந்து நொடி. ஆகவே ஒரே சுடலில் மூன்று உபரித் தோட்டாக்களையும் செலவழித்து, தண்டனைச் சுற்றுக்குப் போகாமல் தப்பித்த வீரர், ஏறத்தாழ ஒரு தண்டனைச் சுற்றின் நேரத்தை அங்கேயே இழந்துவிட்டார். தொலைக்காட்சியில் அது தெரியாது. தண்டனைச் சுற்றுத் தடத்தில் ஒருவர் தனியாக வட்டமடிப்பது கண்ணுக்குத் தெரிகிற காட்சி. சுடுதளத்தில் பத்து நொடி கூடுதலாக நிற்பது காட்சியே அல்ல. முடிவுப் பட்டியலிலும் ஓர் அணியின் சுடல் இரண்டு எண்களாகவே அச்சாகிறது, தண்டனைச் சுற்றுகள் ஒன்று, உபரித் தோட்டாக்கள் ஒன்று, இடையில் கூட்டல் குறி. நம் கண் முதல் எண்ணில் நின்றுவிடுகிறது. முதல் மூன்று பேர் சேர்ந்து ஒன்பது உபரித் தோட்டா செலவழித்த அணியில் முதல் எண் பூஜ்யமாகவே இருக்கலாம். இழந்த நேரமோ ஒரு நிமிடத்துக்கு மேல். பிறகு நான்காம் ஆள் ஒரே ஒரு சுற்றுக்குப் போனால் அந்த ஒன்றுதான் பந்தயத்தின் கதையாகிவிடும். கிரிக்கெட்டில் முதல் பத்து ஓவரில் வாரிக் கொடுத்த ரன்களை மறந்துவிட்டு, கடைசி ஓவர் போட்டவரை மட்டும் திட்டுகிற அதே கணக்குதான் இது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். நொடி நொடிதான் என்றாலும் எல்லா நொடியும் ஒரே மதிப்புடையது அல்ல, தொடக்கத்தில் இழந்ததை மீட்க நேரம் இருக்கிறது, கடைசிச் சுடலில் இழந்ததை மீட்க ஒரே ஒரு சுற்றுதான் மிச்சம், ஆகவே கடைசித் தவறு பெரிய தவறு என்பார்கள். இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது, அதை மழுப்ப நான் விரும்பவில்லை. முதல் கட்டத்தில் எல்லா அணிகளும் ஒன்றாகப் புறப்படுகின்றன. கூட்டமாக ஓடும்போது முன்னால் போகிறவர் காற்றைத் தடுக்க, பின்னால் வருகிறவர் அந்த மறைவில் ஓடலாம். முன்னணிக் கூட்டம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது இழந்த பதினைந்து நொடியைப் பிடிப்பது, தனியாக முன்னேறிவிட்ட ஒருவனிடம் பதினைந்து நொடியைப் பிடிப்பதைவிட எளிது. ஆனால் மீட்கலாம் என்று சொல்கிறவர்கள் யார் மீட்பது என்று கேட்பதில்லை. முதல் ஆள் இழந்ததை இரண்டாம் ஆளும் மூன்றாம் ஆளும் கூடுதல் உழைப்பால் மீட்கிறார்கள். அந்த உழைப்புக்கு விலை உண்டு. வழக்கத்தைவிடக் கடுமையாக ஓடி, நாடித்துடிப்பு இறங்க நேரம் கொடுக்காமல் சுடுதளத்துக்குள் நுழைகிறவன் தவறுவதற்கான வாய்ப்பு அதிகம். ஆக, முதல் கட்டத்தில் இழந்த நொடி மறைந்துவிடுவதில்லை. அது அடுத்தவரின் மூச்சிரைப்பாகவும் கைநடுக்கமாகவும் மாறி முன்னோக்கிப் போகிறது. கடைசி ஆள் சுடுகிற தோட்டாவில் முந்தைய மூவரின் ஓட்டமும் சேர்ந்திருக்கிறது என்று நான் சொல்வது இந்தப் பொருளில்தான்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது. கடைசி ஆளை அந்த இடத்தில் வைப்பதே அழுத்தத்தைத் தாங்குவார் என்பதற்காகத்தானே, அவர் தாங்கவில்லை என்றால் அது அவருடைய தனிக் குறைதானே என்று கேட்கலாம். இங்கே பெயர்களையும் தேதிகளையும் பார்க்க வேண்டும். சோச்சியில் ஆடவர் தொடர் பந்தயம் நடந்தது 2014 பிப்ரவரி 22-இல். அதற்கு நான்கு நாள் முன்பு, 18-ஆம் தேதி, எல்லோரும் ஒன்றாகப் புறப்படுகிற 15 கிலோமீட்டர் பந்தயத்தில், பிரான்சின் மர்த்தேன் ஃபுர்காதுடன் கோடு வரை மோதி, புகைப்படம் பார்த்துத்தான் தீர்மானிக்க முடிந்த இடைவெளியில் தங்கம் வென்றவர் இந்த ஸ்வென்ட்சன். மறுநாள் கலப்புத் தொடர் பந்தயத்தில் நார்வேயின் கடைசி ஆளாக ஓடி இன்னொரு தங்கம் கொண்டுவந்தவரும் அவர்தான். அதே கடைசி இடம், அதே சுடுதளம், அதே கூட்டம், அதே வாரம். மூன்று நாள் கழித்து முன்னணியில் சுடுதளத்துக்குள் வந்து, நின்ற நிலையில் தவறி, தண்டனைச் சுற்றுக்குப் போக நேர்ந்ததும் நார்வே நான்காவதாக முடித்தது. உடனே அவர் அழுத்தம் தாங்காதவர் ஆகிவிட்டார். ஒரு மனிதனின் மனவுறுதி புதன்கிழமை இருந்து சனிக்கிழமை காணாமல் போகிற பொருள் என்றால், அதைக் குணம் என்று அழைக்க முடியாது.

லத்திபோவின் கதையும் இப்படித்தான். பெய்ஜிங் ஒலிம்பிக்கின் பயத்லான் போட்டிகள் நடந்தது ஜாங்ஜியாகோ மலைப்பகுதியில். 2022 பிப்ரவரி 5-இல் அங்கே நடந்த கலப்புத் தொடர் பந்தயத்தில் ரஷ்ய அணியின் கடைசி ஆள் அவரே. நார்வே, பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் இரண்டு நொடிக்குள் கோட்டைக் கடந்தன. அவருக்கு எதிரே ஓடியவர்கள் நார்வேயின் யோஹன்னஸ் திங்னெஸ் போவும் பிரான்சின் கந்தேன் ஃபியோன் மய்யேவும். அந்தக் குளிர்காலத்தில் உலகின் மிக வலுவான இருவர் அவர்கள். அந்த இருவரோடு கடைசி வரை நின்று வெண்கலம் வாங்கினார். பிப்ரவரி 13-இல் துரத்தல் பந்தயத்தில் தனியாகவும் வெண்கலம் வாங்கினார். பிப்ரவரி 15-இல் ஆடவர் தொடர் பந்தயம். அன்று அவர் பெரிய முன்னிலையோடு கடைசிச் சுடலுக்கு வந்தார், எட்டுத் தோட்டாவுக்குப் பிறகும் இரண்டு இலக்குகள் நின்றன, இரண்டு தண்டனைச் சுற்றுகள். நார்வேக்குத் தங்கம், பிரான்சுக்கு வெள்ளி, ரஷ்யாவுக்கு வெண்கலம். பத்து நாளில் மூன்று முறை ஒரே சுடுதளத்தில் ஒருவர் அழுத்தத்தின் முன் நிற்கிறார். இரண்டு முறை தாங்குகிறார், ஒரு முறை தவறுகிறார். இதிலிருந்து அவருடைய தன்மையைப் பற்றி முடிவு சொல்வது அறிவுக்குப் பொருந்துமா?

பெய்ஜிங் பந்தயம் என் வாதத்துக்கு மிகக் கடினமான சோதனை என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ரஷ்ய அணி வெற்றி பெற்ற நார்வேக்கு ஏறத்தாழ 45 நொடி பின்னால் முடித்தது. இரண்டு தண்டனைச் சுற்றுகளின் நேரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். எண்கள் இப்படி நேருக்கு நேர் பொருந்தும்போது, அந்த இரண்டு தோட்டாவும்தான் தங்கத்தைத் தின்றன என்று சொல்வது இயல்பு. வேறு எந்தப் பந்தயத்தைவிடவும் இங்கே அந்த வாக்கியத்துக்கு ஆதாரம் இருக்கிறது. முன்னிலை அவ்வளவு இருந்தபோது அவர் மூச்சை அடக்கி, இன்னும் நிதானமாகச் சுட்டிருக்கலாம் என்றும் சொல்லலாம். அதுவும் சரியே. ஆனாலும் இரண்டு விஷயங்கள் மிச்சம் இருக்கின்றன. ஒன்று, அதே கடைசிச் சுடலில் அவர் மட்டும் தவறவில்லை. ஜெர்மனியின் கடைசி ஆள் பிலிப் நாவ்ராத்துக்கும் அங்கே இலக்குகள் நின்றன. அவரும் தண்டனைச் சுற்றுக்குப் போக, பதக்க வாய்ப்போடு வந்த ஜெர்மனி நான்காவதாக முடித்தது. காற்றும் குளிரும் மிகுந்த உயரமான சுடுதளம் அது. பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் நிற்கிற பல பேர் ஒரே நேரத்தில் தவறும்போது, அது ஒருவரின் நெஞ்சுரம் பற்றிய செய்தியா, அல்லது அந்த நேரத்துச் சூழல் பற்றிய செய்தியா என்று குறைந்தபட்சம் கேட்கவாவது வேண்டும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். லத்திபோவ் தவறியதால் நார்வே வென்றது என்கிறோம். ஆனால் முன்னால் போகிறவனின் தவறு, பின்னால் நெருங்கி வராதவனுக்குப் பயன்படாது. நார்வேயின் கடைசி ஆள் வெட்லே ஷோஸ்டா கிறிஸ்டியான்சன் அந்தச் சுடலில் தண்டனைச் சுற்று இல்லாமல் வெளியேறியபோது தங்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்றால், அந்தத் தூரத்தை அளந்து வைத்தவர்கள் ஸ்டுர்லா ஹோல்ம் லெக்ரைட்டும் போ சகோதரர்கள் தார்யே, யோஹன்னஸ் இருவரும். அவர்களில் ஒருவர் இன்னும் ஒரு நிமிடம் இழந்திருந்தால், லத்திபோவ் இரண்டு சுற்றை ஓடிவிட்டு நார்வேக்கு முன்னால் திரும்பியிருக்கக்கூடும். அப்போது அதே இரண்டு தவறிய தோட்டாவைப் பற்றி நாம் என்ன சொல்லியிருப்போம்? தடுமாறினாலும் சமாளித்தார் என்று பாராட்டியிருப்போம். ஒரு செயலின் மதிப்பு, அந்தச் செயலோடு தொடர்பில்லாத வேறு மூவரின் ஓட்டத்தால் தலைகீழாக மாறுகிறது என்றால், அந்தச் செயலை மட்டும் தனியே எடுத்துக் காரணம் என்று சொல்லக் கூடாது.

பியோங்சாங் பந்தயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 பிப்ரவரி 23-இல் ஸ்வீடன் வென்றது. ஆடவர் பயத்லான் தொடர் பந்தயத்தில் அந்த நாட்டுக்கு அதுவே முதல் ஒலிம்பிக் தங்கம். பெப்பெ ஃபெம்லிங், யெஸ்பர் நெலின், செபாஸ்டியன் சாமுவெல்சன், ஃபிரெட்ரிக் லிண்ட்ஸ்ட்ரோம் என்ற நால்வர். நார்வே இரண்டாவது, ஜெர்மனி மூன்றாவது. கடைசிச் சுடலில் மீண்டும் ஸ்வென்ட்சன் தண்டனைச் சுற்றுக்குப் போனார், மீண்டும் அதே வாக்கியம் எழுதப்பட்டது. ஆனால் கோட்டில் இருந்த இடைவெளி ஏறத்தாழ 55 நொடி. ஒரு தண்டனைச் சுற்று இருபத்தைந்து நொடிதான். வெள்ளி உறுதியானதும் ஸ்வென்ட்சன் வேகத்தைக் குறைத்திருப்பார், ஆகவே 55-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒருவர் சொன்னால் அதை ஏற்கிறேன். இருந்தாலும் லிண்ட்ஸ்ட்ரோம் தண்டனைச் சுற்று இல்லாமல் வெளியேறியதையும், அவரை அந்த நிலையில் கொண்டுவந்து விட்ட மற்ற மூவரையும் விட்டுவிட்டு ஸ்வென்ட்சனின் தவறை மட்டும் கதையாக்கினால், ஸ்வீடனின் வெற்றி நார்வேயின் பரிசாகிவிடுகிறது. தோற்றவனைத் தனியே பழிக்கிற வாக்கியம் வென்றவர்களையும் சிறுமைப்படுத்துகிறது. இதை நாம் போதுமான அளவு கவனிப்பதில்லை என்பது என் வருத்தம்.

வரலாறும் இதைத்தான் சொல்கிறது. தொடர் பந்தயம் 1968-இல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அன்றிலிருந்து 1988 வரை ஆறு ஒலிம்பிக்கிலும் சோவியத் யூனியனே வென்றது. அந்த இருபது ஆண்டில் துப்பாக்கி மாறியது. 1978-இல் பெரிய தோட்டா போய்ச் சிறிய தோட்டா வந்தது, சுடும் தூரம் ஐம்பது மீட்டரானது. எண்பதுகளின் நடுவில் பனிச்சறுக்கின் நடையே மாறி, ஸ்கேட்டிங் போலத் தள்ளி ஓடுகிற முறை வந்தது. ஆட்களும் மாறினார்கள். வெற்றி மட்டும் மாறவில்லை. கடைசி ஆளின் நெஞ்சுரம்தான் தொடர் பந்தயத்தைத் தீர்மானிக்கிறது என்றால், ஒரே நாட்டுக்கு ஆறு முறையும் அப்படிப்பட்ட ஒருவர் வாய்த்துக்கொண்டே இருந்தார் என்று நம்ப வேண்டும். அதைவிட எளிய விளக்கம் இருக்கிறது. அவர்களிடம் நான்காம் ஆள் அளவுக்கு முதல் ஆளும் வலுவாக இருந்தார். அந்த ஆறில் முதல் நான்கு தங்கத்திலும் பங்குபெற்ற அலெக்சாண்டர் திகோனோவ் 1968-இல் முதல் ஆளாகவும் 1976-இல் கடைசி ஆளாகவும் ஓடினார். ஆகச் சிறந்த வீரரைக் கடைசியில்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்த அணிக்கு இல்லை. பந்தயம் எங்கே வேண்டுமானாலும் கைநழுவலாம் என்று அறிந்தவர்கள் செய்கிற ஏற்பாடு அது.

இதற்கெல்லாம் மேலாக ஒரு தத்துவ மறுப்பு உண்டு. எல்லோருக்கும் பொறுப்பு என்று சொன்னால் யாருக்குமே பொறுப்பில்லை என்று ஆகிவிடாதா? தவறியவனைத் தவறினாய் என்று சொல்ல முடியாத உலகத்தில் விளையாட்டுக்கு என்ன பொருள்? நான் பொறுப்பைக் கரைக்கச் சொல்லவில்லை, பிரித்து எழுதச் சொல்கிறேன். ஒவ்வொரு வீரரின் ஓட்ட நேரம், சுடுதளத்தில் நின்ற நேரம், உபரித் தோட்டா, தண்டனைச் சுற்று ஆகியவை தனித்தனியே பதிவாகின்றன. எந்த விளையாட்டிலும் இவ்வளவு நுணுக்கமான பொறுப்புக் கணக்கு கிடைப்பது அரிது. ஸ்வென்ட்சன் ஒரு சுற்று இழந்தார் என்று எழுதுங்கள், மறுக்க மாட்டேன். அந்தக் கணக்கின் முழுப் பக்கமும் கையில் இருக்கும்போது கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு மூடுவதையே மறுக்கிறேன். சொல்லப்போனால், பொறுப்பைக் கரைக்கிறவர்கள் கடைசி ஆளைப் பழிக்கிறவர்கள்தான். ஒருவர் தலையில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு மற்ற மூவரின் கணக்கையும் அழித்துவிடுகிறார்கள்.

இனி சோச்சிக்குத் திரும்ப வேண்டும். அந்தப் பந்தயத்தின் கதை 2014-இல் முடியவில்லை. அன்று கோட்டில் முதலில் வந்தது ரஷ்யா. அலெக்சி வோல்கோவ், யெவ்கேனி உஸ்துகோவ், திமித்ரி மலிஷ்கோ, அந்தோன் ஷிபுலின் ஆகியோர் தங்கம் வாங்கினார்கள். ஜெர்மனி வெள்ளி, ஆஸ்திரியா வெண்கலம். தார்யே போ, யோஹன்னஸ் திங்னெஸ் போ, ஒலே எய்னார் பியோர்ன்டாலன், ஸ்வென்ட்சன் என்ற பெரும் பெயர்களைக் கொண்ட நார்வே வெறுங்கையோடு நின்றது. ஆறு ஆண்டுக்கு மேல் கழித்து, 2020 அக்டோபரில், விளையாட்டு நடுவர் மன்றத்தின் ஊக்கமருந்துப் பிரிவு தீர்ப்பு ஒன்றை வெளியிட்டது. இரண்டாம் கட்டம் ஓடிய உஸ்துகோவின் இரத்தப் பதிவுகளில் ஹீமோகுளோபின் அளவு இயல்புக்கு மாறாக இருந்தது என்றும், 2010 ஜனவரி முதல் 2013-14 பருவத்தின் முடிவு வரை அவர் பெற்ற முடிவுகள் எல்லாம் செல்லாது என்றும் அது சொன்னது. அவர் மறுத்தார், மேல்முறையீடு செய்தார், எடுபடவில்லை. அவர் முடிவு செல்லாது என்றால் அவர் ஓடிய அணியின் முடிவும் செல்லாது. தங்கம் ஜெர்மனிக்கும் வெள்ளி ஆஸ்திரியாவுக்கும் வெண்கலம் நார்வேக்கும் வந்து சேர்ந்தது.

இங்கே விளையாட்டின் சட்டம் ஒரு தெளிவான நிலைப்பாட்டை எடுக்கிறது. வோல்கோவ், மலிஷ்கோ, ஷிபுலின் மூவர் மீதும் அந்தத் தீர்ப்பில் குற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் மூவரின் தங்கமும் போயிற்று. காரணம், தொடர் பந்தயத்தின் முடிவு நான்காகப் பிரிக்கக்கூடிய பொருள் அல்ல. ஒருவரின் இரத்தம் கெட்டால் நால்வரின் நேரமும் கெட்டது. கடுமையான விதிதான், அந்த மூவருக்கு நேர்ந்ததை நினைத்தால் வருத்தமும் வருகிறது. ஆனால் வேறு வழி இல்லை. உஸ்துகோவ் ஓடிய இரண்டாம் கட்டத்தை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ள முடியாது, மூன்றாம் ஆளும் நான்காம் ஆளும் புறப்பட்ட இடத்தை அவர்தான் தீர்மானித்தார். சட்டம் முடிவை நால்வரின் கூட்டுச் செயலாகப் பார்க்கிறது. பார்வையாளர்களும் பத்திரிகைகளும் அதை ஒருவரின் செயலாகப் பார்க்கிறார்கள். இரண்டில் எது பந்தயத்தின் இயல்புக்குப் பொருந்துகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஊக்கமருந்து விவகாரத்தை இதில் இழுப்பது சரியா, அது குற்றம், தோட்டா தவறுவது குற்றமல்லவே என்று ஒருவர் கேட்கலாம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. எதனால் என்ன விளைந்தது என்கிற தர்க்கத்துக்காக மட்டுமே இதை எடுத்தேன். ஸ்வென்ட்சனின் தண்டனைச் சுற்றால் நார்வே பதக்கம் இழந்தது என்று 2014-இல் சொன்னார்கள். இன்று அந்தத் தண்டனைச் சுற்று பதிவேட்டில் அப்படியே இருக்கிறது, ஒரு நொடிகூடக் குறையவில்லை. பதக்க இழப்பு மட்டும் இப்போது இல்லை. காரணம் என்று சொல்லப்பட்டது முழுதாக இருக்க, அதன் விளைவு என்று சொல்லப்பட்டது மறைந்துவிட்டது என்றால், அது முழுக் காரணமாக இருந்திருக்க முடியாது. அந்தச் சுற்று இல்லாவிட்டால் நார்வே அன்று தங்கமே வென்றிருக்கும், ஆகவே இன்றும் அதற்கு ஒரு விலை உண்டு என்று நீங்கள் சொன்னால், ஆம், உண்டு, இருக்கலாம். ஆனால் அந்த விலை எவ்வளவு, பதக்கமா, தங்கத்துக்கும் வெண்கலத்துக்கும் உள்ள வித்தியாசமா என்பதை ஸ்வென்ட்சனின் துப்பாக்கி தீர்மானிக்கவில்லை. அவருக்கு முன் ஓடிய மூன்று நார்வேக்காரர்களும், ஜெர்மனியின் நால்வரும், ஆஸ்திரியாவின் நால்வரும், ரஷ்ய அணியின் இரண்டாம் ஆளின் இரத்தப் பதிவும் சேர்ந்து தீர்மானித்த விலை அது. அந்தக் கடைசிச் சுடலில் அவர் சுட்டது எட்டுத் தோட்டா. அதற்கு மட்டுமே அவரிடம் கணக்குக் கேட்க முடியும்.